பிறக்காதவருக்கும் ஒரு பங்கு: இஸ்லாமியச் சிந்தனையை ஆய்விதழுக்கு எழுதும்போது எது நிற்கும், எது சறுக்கும்

சந்தூர்ப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. மரம் பூ எடுக்கும்போதே வியாபாரி வந்து தோப்பைச் சுற்றிப் பார்த்து விலை பேசுவார். ஓராண்டுக் காய் மட்டும் பேசுகிறவர்கள் உண்டு. பண நெருக்கடி என்றால் இரண்டு மூன்று ஆண்டுக் காயையும் சேர்த்துப் பேசிவிடுவார்கள். சில போகத்துக்கு மட்டும் தோப்பைப் பிடித்தவர் மரத்தின் ஆயுளைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய கட்டாயம் இல்லை. வேரில் கல்டார் என்ற வளர்ச்சி அடக்கி மருந்தை ஊற்றினால் பூ முந்தி வரும், காயும் பிடிக்கும். அளவு தப்பி, வருடம் தவறாமல் ஊற்றினால் தளிர் குறுகும், மரம் களைத்துப்போகும். காய் வியாபாரியோடு போய்விடும். களைத்த மரம் உரிமையாளரின் பிள்ளைக்கு மிஞ்சும்.

இதே சிக்கலை ஏழாம் நூற்றாண்டு மதீனாவில் பேரீச்ச மரத்தை வைத்துப் பேசியிருக்கிறார்கள். நபித்தோழர் உமருக்குக் கைபர் என்ற ஊரில் நல்ல நிலம் கிடைத்தது. அதை என்ன செய்யலாம் என்று நபியிடம் கேட்டார். அடிச்சொத்தை நிறுத்தி வை, விளைச்சலைத் தர்மமாக விடு என்பது பதில். அந்த நிலத்தை விற்க முடியாது, அன்பளிப்பாகக் கொடுக்க முடியாது, வாரிசுக்கும் போகாது. இமாம் புகாரியின் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் 2737 எண்ணில் உள்ள இந்தச் செய்திதான் வக்ஃபு எனும் நிலையான அறக்கொடைச் சட்டத்தின் ஆணிவேர். வேரையும் கனியையும் சட்டமே பிரித்து வைத்த இடம் அது.

வருங்காலத் தலைமுறை மீதான அக்கறையை இஸ்லாமியச் சிந்தனை எப்படிப் பார்த்தது என்று எழுத விரும்புகிறவர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிக் கல்லூரிகளில் வரலாறு, பொருளியல், உருது, தமிழ் என்று பல துறைகளில் இருக்கக்கூடும். தலைப்புக்கு இப்போது உலக அளவில் கிராக்கியும் இருக்கிறது. வருங்காலத் தலைமுறையினரின் தேவைகளுக்குக் குந்தகம் இல்லாத வளர்ச்சி என்ற வரையறையை 1987-இல் பிரண்ட்லாண்ட் அறிக்கை தந்தது. இன்றைய தலைமுறையின் பொறுப்புகள் குறித்து யுனெஸ்கோ 1997-இல் ஒரு பிரகடனம் நிறைவேற்றியது. 2015-இல் இஸ்தான்புலில் முஸ்லிம் அறிஞர்களின் காலநிலைப் பிரகடனம், 2024 பிப்ரவரியில் நைரோபியில் ‘அல்-மீஸான்’ ஆவணம், அதே ஆண்டு செப்டம்பரில் ஐ.நா.வின் வருங்காலத் தலைமுறைப் பிரகடனம் என்று வரிசையாக வந்துவிட்டன. ஆய்விதழ்கள் சிறப்பிதழ் அறிவிக்கின்றன, கட்டுரைகளும் குவிகின்றன. குவிவதில் பெரும்பகுதி முதல் கட்டத்திலேயே திரும்பிவிடுவதற்குக் காரணம் அவை எல்லாம் ஒரே கட்டுரையாக இருப்பதுதான்.

அந்த ஒரே கட்டுரையின் அச்சு இப்படி: மனிதன் பூமியில் கலீஃபா, அதாவது இறைவனின் பிரதிநிதி (குர்ஆன் 2:30), வீண்விரயம் கூடாது, மரம் நடுவது தர்மம், ஆகவே இஸ்லாம் நீடித்த வளர்ச்சியை 1,400 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. வசனங்களில் பிழை இருக்காது. ஆனால் ‘ஆகவே’ என்ற சொல்லுக்கு முன்னால் வாதம் எதுவும் இருக்காது. இதழுக்காகக் கட்டுரையை எடைபோடும் மதிப்பீட்டாளர் தேடுவது வேறு: இன்னும் பிறக்காத ஒருவருக்கு இந்தச் சட்ட மரபில் என்ன உரிமை, அதை யார் கேட்க முடியும், கேட்டால் யார் கொடுக்க வேண்டும்? இந்த மூன்றுக்கும் பதில் தரும் பொருள் வெள்ளிக்கிழமைப் பயான்களைவிட (சொற்பொழிவுகளைவிட) ஃபிக்ஹு எனும் இஸ்லாமியச் சட்ட நூல்களில்தான் அதிகம் கிடைக்கும்.

அங்கே போவதற்கு முன் அடிக்கடி நடக்கும் சறுக்கல்களைப் பார்த்துவிடலாம். இறுதிநாளே வந்துவிட்டாலும் கையில் கன்று இருந்தால் நட்டுவிடு என்ற நபிமொழி இல்லாமல் இத்தலைப்பில் கட்டுரையே வருவதில்லை. பாதிப் பேர் அதற்கு ‘புகாரி’ என்று மட்டும் அடிக்குறிப்பு போடுகிறார்கள். அது இமாம் புகாரியின் ‘ஸஹீஹ்’ தொகுப்பில் இல்லை. அவரே தொகுத்த ‘அல்-அதபுல் முஃப்ரத்’ நூலில் 479-ஆவது செய்தி. முஸ்னத் அஹ்மத் என்ற இன்னொரு ஹதீஸ் தொகுப்பிலும் உண்டு. ஒரே ஆசிரியரின் இரண்டு நூல்கள்தான், ஆனால் துறை அறிந்தவர் கண்ணில் இந்த ஒரு பிழை பட்டால் மீதிக் கட்டுரையையும் சந்தேகத்தோடுதான் படிப்பார். இன்னொன்று, ‘என்றென்றும் வாழப்போவதுபோல் உலகுக்கு உழை, நாளையே இறப்பதுபோல் மறுமைக்கு உழை’ என்பது. கேட்க அழகாக இருக்கும், தலைப்புக்கும் கச்சிதமாகப் பொருந்தும். நபி சொன்னதாக அதற்கு ஆதாரம் இல்லை என்பது ஹதீஸ் ஆய்வாளர்கள் எப்போதோ சொல்லிவிட்ட விஷயம். கூடவே ‘பூமியை முன்னோரிடமிருந்து வாரிசாகப் பெறவில்லை, பிள்ளைகளிடம் கடன் வாங்கியிருக்கிறோம்’ என்ற வரியைச் செவ்விந்தியப் பழமொழி என்று போட்டுத் தொடங்குவார்கள். அப்படி ஒரு பழமொழிக்கு உறுதியான மூலம் கிடையாது. இப்போது சாட்பாட்டிடம் ஹதீஸ் எண் கேட்டு அப்படியே ஒட்டுவதும் சேர்ந்திருக்கிறது. எண் இருக்கும், அந்த எண்ணில் வேறு ஏதோ ஒரு செய்தி இருக்கும்.

இவற்றைவிட நுட்பமான சறுக்கல் ‘ஹிஃப்ளுன் நஸ்ல்’. ஷரீஅத்தின் நோக்கங்கள் ஐந்து என்று கஸ்ஸாலி (மறைவு 1111) வகுத்ததில் சந்ததியைக் காப்பது ஒன்று. அதை எடுத்து நேரே காலநிலை மாற்றத்தோடு கட்டிவிடுகிறார்கள். பழைய நூல்களைத் திறந்தால் அந்தத் தலைப்பின் கீழ் இருப்பது பெரும்பாலும் விபசாரத் தடை, திருமணம், பிள்ளையின் தந்தைவழி உறுதி ஆகியவைதான். ‘நஸ்ல்’ என்றால் சந்ததி, ‘நஸப்’ என்றால் வமிசவழி. இரண்டும் எங்கே ஒன்று, எங்கே வேறு என்று துனிசிய அறிஞர் இப்னு ஆஷூர் (மறைவு 1973) விவாதித்திருக்கிறார். அந்த விவாதத்தைத் தாண்டித்தான் காலநிலைக்கு வர முடியும். வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எப்படி வந்தோம் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

தோப்புக் குத்தகையிலும் இதே எச்சரிக்கை தேவை. பல ஆண்டு விளைச்சலை முன்கூட்டியே விற்பதை நபி தடுத்தார் என்று நபித்தோழர் ஜாபிர் அறிவிக்கும் செய்தி இமாம் முஸ்லிமின் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாந்தோப்பைப் பற்றி எழுதுபவருக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் ஃபகீஹுகள் (சட்ட அறிஞர்கள்) அதற்குச் சொன்ன காரணம் ‘ஃகரர்’, அதாவது காய்க்குமா காய்க்காதா என்று தெரியாத பொருளை விற்கும் நிச்சயமின்மை. மரத்தின் ஆயுளோ பேரப்பிள்ளையோ அந்தக் காரணத்தில் இல்லை. ‘தடையின் காரணம் ஒன்று, விளைவு இன்னொன்று, விளைவு அடுத்த தலைமுறைக்கும் சாதகமாக இருந்தது’ என்று பிரித்து எழுதினால் வாதம் பலப்படும். இந்த ஒரு பத்தியை ஒழுங்காக எழுதத் தெரிந்தவர் கட்டுரை முழுவதையும் எழுதிவிடுவார்.

இனி நிற்கும் பொருள். முதலில் ஸவாத். ஈராக்கின் செழிப்பான நிலம் கைப்பற்றப்பட்டபோது, கைபரைப் போல இதையும் எங்களுக்குள் பங்கிடுங்கள் என்று போர்வீரர் தரப்பு கேட்டது. அப்போது கலீஃபாவாக, அதாவது ஆட்சித் தலைவராக இருந்த உமர் மறுத்தார். புகாரி 2334-இல் அவர் சொன்னது பதிவாகியிருக்கிறது: பின்னால் வரும் முஸ்லிம்கள் மட்டும் இல்லையென்றால், வென்ற ஊர் ஒவ்வொன்றையும் நபி கைபரைப் பங்கிட்டதுபோல் பங்கிட்டிருப்பேன். விரிவான விவாதத்தை அப்பாஸியக் கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காகச் சட்ட அறிஞர் அபூ யூசுஃப் (மறைவு 798) எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ தருகிறது. பங்கிடச் சொல்லி நபித்தோழர் பிலால் விடாமல் வற்புறுத்தியதும், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் உமரை எதிர்த்ததும், உமர் அன்ஸாரிகளில் (மதீனாவாசிகளில்) பத்துப் பேரை அழைத்து ஆலோசித்ததும் அதில் வருகின்றன. கடைசியில் குர்ஆனின் ஹஷ்ர் அத்தியாயத்தின் 10-ஆம் வசனத்தை, ‘அவர்களுக்குப் பின் வருபவர்கள்’ என்ற சொல்லை, அவர் ஆதாரமாக எடுத்தார். நிலம் உழுதவர்கள் கையிலேயே இருந்தது, வரி மட்டும் பொதுக் கருவூலத்துக்கு வந்தது. உஸ்மான் இப்னு ஹுனைஃப், ஹுதைஃபா இருவரும் அளக்கப் போனார்கள். அபூ யூசுஃப் தரும் ஓர் அறிவிப்பின்படி அளந்தது 3 கோடியே 60 லட்சம் ஜரீப் (அக்கால நில அளவு). கோதுமைக்கு ஜரீபுக்கு 4 திர்ஹம், வாற்கோதுமைக்கு 2, திராட்சைக்கு 10.

இது ஏன் நல்ல பொருள்? பிறக்காதவர் இங்கே உணர்ச்சியாக வரவில்லை, ஒரு சொத்துத் தகராறில் எதிர்த்தரப்பாக வருகிறார். எதிர்வாதம் பதிவாகியிருக்கிறது, முடிவு இருக்கிறது, முடிவைச் செயல்படுத்திய அளவைக் கணக்கும் இருக்கிறது. அதோடு, ஃபிக்ஹு மரபுகள் இதில் ஒத்துப்போகவில்லை. வென்ற நிலத்தைப் பங்கிடுவதா வைத்திருப்பதா என்பது ஆட்சியாளர் விருப்பம் என்றது ஹனஃபி வழி. அது தானாகவே வக்ஃபு ஆகிவிடும் என்றது மாலிகி வழி. வீரர்கள் மனமொப்பி விட்டுக்கொடுத்தால் ஒழியப் பங்கிட்டே ஆக வேண்டும் என்றார் ஷாஃபியி. இந்தப் பிளவைச் சொல்லாமல் ‘இஸ்லாம் சொல்கிறது’ என்று ஒற்றைக் குரலில் எழுதினால் கட்டுரை திரும்பிவிடும். இன்னொரு கேள்வியும் வரும்: மூல வாசகத்தில் இருப்பது பின்னால் வரும் ‘முஸ்லிம்கள்’, மனிதகுலம் முழுவதற்கும் அதை எப்படி நீட்டுகிறீர்கள்? ஸவாதில் நிலம் உழுது வரி கட்டியவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் அல்லாதவர்கள் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கும்.

பாராமகால் என்று அன்று அழைக்கப்பட்ட இந்தத் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியிலிருந்து எழுதுபவருக்கு இங்கே ஓர் ஒப்பீடு கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகு அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கேதான் வயல் வயலாக அளந்து வரி வைத்தார்கள். உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கே முளைத்தது. ‘பாராமகால் ரெக்கார்ட்ஸ்’ என்ற பெயரில் அரசே அச்சிட்ட தொகுதிகள் உள்ளன. இரண்டு நில அளவைகளையும் ஒப்பிடலாம். ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று மட்டும் எழுதிவிடக் கூடாது.

அடுத்தது வக்ஃபு. இஸ்லாமியச் சட்டத்தில் கருவில் இருக்கும் பிள்ளைக்கு உரிமை உண்டு. தகப்பன் இறந்தால் அதன் பங்கை ஒதுக்கி வைக்க வேண்டும், உயிரோடு பிறந்தால் அது சேரும். கருவே உருவாகாத கொள்ளுப்பேரனுக்கு அன்பளிப்பு எழுதினால் செல்லாது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அதே கொள்ளுப்பேரனைப் பயனாளியாக வைத்து வக்ஃபு செய்யலாம், கடைசியில் பயன் ஏழைகள் போன்ற வற்றாத ஒரு தர்மத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற நிபந்தனையோடு. மேலை அறவியலில் பல பக்கங்கள் ஓடும் ‘இல்லாதவருக்கு உரிமை உண்டா’ என்ற கேள்விக்கு இந்த மரபு ஒரு நிறுவனத்தைக் கட்டிப் பதில் சொன்னது. ஆள் இல்லாவிட்டாலும் சொத்து காத்திருக்கும், நடுவில் முத்தவல்லி எனும் நிர்வாகி பொறுப்பாளி, தவறினால் காஜி எனும் நீதிபதி கேட்பார்.

இந்தக் கருத்து இந்தியாவில் நீதிமன்றம் வரை போய் அடிபட்டது. 1894-இல் அபுல் ஃபத்தா வழக்கில் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில், குடும்பத்துக்கே தலைமுறை தலைமுறையாகப் பயன் போகும் வக்ஃபு செல்லாது, ஏழைக்குப் போகும் பங்கு வெறும் ஒப்புக்குத்தான் என்று தீர்த்தது. ஜின்னா முன்னின்று கொண்டுவந்த 1913-ஆம் ஆண்டு முசல்மான் வக்ஃபு செல்லுபடிச் சட்டம் அதை மாற்றியது. வக்ஃபு சட்டத்தின் 2025 திருத்தத்தில், குடும்ப வக்ஃபு செய்தாலும் பெண் வாரிசுகளின் உரிமை பறிபோகக் கூடாது என்று சேர்ந்திருக்கிறது. ஆக, எந்தத் தலைமுறை என்பதோடு, தலைமுறைக்குள் யார் என்ற கேள்வியும் இருக்கிறது. ஆண்வழிப் பேரன்களுக்கு மட்டும் என்று எழுதிய பழைய பத்திரங்களைப் படித்தால் இது விளங்கும்.

வக்ஃபைப் புகழ்ந்து மட்டும் எழுதுபவர்கள் கோட்டை விடும் இடம், ‘வக்ஃபு செய்தவரின் நிபந்தனை சட்டமளித்தவனின் வாசகம் போன்றது’ என்ற ஃபிக்ஹு விதி. 300 ஆண்டுக்கு முன் ஒருவர் விளக்கெண்ணெய்க்கு என்று எழுதி வைத்தால் மின்விளக்கு வந்த பிறகு அந்தப் பணத்தை என்ன செய்வது? வருங்காலத்தின் மேல் அக்கறை என்பது வருங்காலத்துக்குக் கட்டளை போடுவதாக மாறிவிடும் இடம் இது. இந்த இறுக்கம் மத்திய கிழக்கின் பொருளாதாரத்தைப் பின்தங்கவைத்தது என்று பொருளியலாளர் திமூர் குரான் வாதிடுகிறார். எதிர்த்தரப்பில் ‘இஸ்திப்தால்’ என்ற சொத்து மாற்று முறையும், 16-ஆம் நூற்றாண்டு உஸ்மானியர்கள் ரொக்கத்தையே வக்ஃபு செய்ய இடம்கொடுத்து நடத்திய பெரிய விவாதமும் இருக்கின்றன. இரண்டு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வரும் கட்டுரைக்குத்தான் இதழில் இடம்.

உள்ளூர்ச் சான்று வேண்டும் என்றால் தண்ணீரைவிடப் பொருத்தமானது இல்லை. கிணற்றைச் சுற்றி 40 முழம் ‘ஹரீம்’, அதற்குள் இன்னொருவர் தோண்டக் கூடாது என்பது பழைய விதி. ஏற்றக் கிணற்றுக்கு 60 முழம் என்று அபூ யூசுஃப் கூட்டினார். 40 முழம் என்பது ஏறக்குறைய 20 மீட்டர். பாறையைக் குடைந்து ஆயிரம் அடி போகும் போர்வெல்லுக்கு இந்தத் தூரம் பொருளற்றது, தண்ணீர் பாறை வெடிப்பு வழியாக எங்கிருந்தோ வருகிறது. தருமபுரியில் இன்னொரு சிக்கல். பாறைக்குள் நெடுநாள் தங்கிய நீரில் புளோரைடு கரைந்து ஏறுகிறது. இந்தியத் தர அளவுப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாதபோது 1.5 வரை. ஜப்பான் கடனுதவியோடு 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். புளோரைடு பல்லில் கறை ஏற்றுவது எனாமல் உருவாகும் வயதில், சுமார் எட்டு வயதுக்குள். போர் போட்டவரின் பல்லில் கறை ஏறாது, அவர் வீட்டுப் பிள்ளையின் பல்லில் ஏறும். ‘தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குத் தீங்கும் கூடாது’ என்ற விதியை ஒரே காலத்தில் வாழும் அண்டை வீட்டாருக்கு மட்டும் பொருத்திவந்த மரபு, காலத்தில் தள்ளி நிற்கும் அண்டை வீட்டாருக்கும் அதைப் பொருத்துமா? இப்படிக் கேட்கும் கட்டுரைக்குத் தருமபுரி வெறும் முகவரியாக இல்லாமல் வாதத்தின் பகுதியாகிவிடுகிறது.

பள்ளிவாசல் நிலத்தைப் பற்றி எழுதுவதானால் வாய்ச்சொல் போதாது. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு, பதிவுத்துறையில் வில்லங்கச் சான்று, 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் கால இனாம் பதிவேட்டுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம் என்று மூன்றையும் பார்த்துவிட வேண்டும். ஜமாஅத்தின் குத்தகைக் கணக்கைப் பயன்படுத்தினால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். நிலத்தகராறு நடந்துகொண்டிருக்கும் ஊரில் சர்வே எண்ணை வெளியிடாமல் இருப்பதுதான் நல்லது.

எழுதும் வேலையில் நேரத்தைத் தின்பது ஒலிபெயர்ப்பு. தமிழில் ஒரே ‘ஹ’, அரபியில் இரண்டு எழுத்து. ‘ஸ’ என்று நாம் எழுதுவது அங்கே மூன்றாகப் பிரியும்: ‘நஸ்ல்’ ஓர் எழுத்து, வாசகம் என்று பொருள்படும் ‘நஸ்ஸு’ வேறெழுத்து. தமிழ்வழி படித்தவர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினால் சொல்லே மாறிவிடும். அரபி எழுத்தை முன்னால் வைத்துக்கொண்டு, இதழ் கேட்கும் அட்டவணைப்படி, கீழ்ப்புள்ளி, மேற்கோடு, ஐன், ஹம்ஸா எல்லாம் ஒரே சீராக மாற்றுங்கள். முதல் நாளிலேயே சொற்பட்டியல் ஒன்று வைத்துக்கொண்டால் கடைசி வாரத்தில் 200 இடங்களைத் தேடித் திருத்த வேண்டியிருக்காது. பாமினி எழுத்துருவில் அடித்த ஆய்வேட்டை அப்படியே ஏற்றினால் இதழின் தளத்தில் குப்பையாக விழும், யூனிகோடுக்கு மாற்றிச் சரிபார்த்த பிறகே அனுப்ப வேண்டும். ‘மக்தபா ஷாமிலா’ மின்நூலகத்தில் அரபி மூலங்கள் இலவசம். பக்க எண் அச்சுப் பதிப்போடு ஒத்தது என்ற குறிப்பு நூலின் அட்டையில் இல்லாவிட்டால் அந்த எண்ணை மேற்கோளில் போடாதீர்கள். நபியின் பெயருக்குப் பின் வாழ்த்துச் சொல்லைப் பல இதழ்கள் நடைவிதிப்படி நீக்கிவிடும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, எல்லா மதக் கட்டுரைகளுக்கும் அதே விதிதான்.

கருத்துத் திருட்டுச் சோதனையில் குர்ஆன் மொழிபெயர்ப்பு வரிகள் ஒப்புமை சதவீதத்தை ஏற்றிக் காட்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. மூலம் காட்டிய மேற்கோளும் நூற்பட்டியலும் கணக்கில் சேராது. மேற்கோள் குறி ஒழுங்காக இருந்தால்தான் இந்த விலக்கு பலிக்கும்.

எங்கே அனுப்புவது? கத்தாரோடு இணைந்து பிரில் வெளியிடும் ‘ஜர்னல் ஆஃப் இஸ்லாமிக் எத்திக்ஸ்’ 2017 முதல் வருகிறது, திறந்த அணுக்கம், அதாவது யாரும் இலவசமாகப் படிக்கலாம். டெல்லி ஜாமியா மில்லியாவிலிருந்து வரும் ‘இஸ்லாம் அண்ட் த மாடர்ன் ஏஜ்’, ஆக்ஸ்போர்டின் ‘ஜர்னல் ஆஃப் இஸ்லாமிக் ஸ்டடீஸ்’ போன்றவற்றின் பழைய இதழ்களைப் படித்து, உங்கள் வாதம் எந்த உரையாடலில் சேர்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். அரசுக் கல்லூரியில் இருப்பவர்களுக்கு 2025 ஜனவரி முதல் ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன, நூலகரிடம் கேட்டால் கடவுச்சொல் கிடைக்கும். சந்தா, திறந்த அணுக்கம் இரண்டு வழியும் உள்ள கலப்பு முறை இதழ்களில் திறந்த அணுக்கத்துக்குக் கட்டணம் கேட்பார்கள். சந்தா வழியில் வெளியிடுகிறேன் என்று தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. இது தெரியாமலேயே பலர் நல்ல இதழ்களை ஒதுக்கிவிடுகிறார்கள்.

தரமான இதழ்கள் எவை என்று சொன்ன யுஜிசி-கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. அதைக் காட்டி இப்போதும் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஐஎஸ்எஸ்என் எண் இருப்பது தரத்துக்குச் சான்றாகாது. அது வண்டியின் பதிவெண் போல, இலவசமாகக் கிடைக்கும். 48 மணி நேரத்தில் ஏற்பு, ஜிபேயில் கட்டணம், இயந்திரவியலும் இஸ்லாமிய வரலாறும் ஒரே இதழில் என்றால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிகள் எடுத்துவிட்டன. பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கலாம், அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நல்ல இதழில் 7,000 முதல் 9,000 சொற்கள், 150 முதல் 250 சொற்களில் சுருக்கம், அனாமதேய மதிப்பீடு என்பது பொதுவான வடிவம். ஆவணத்தின் பண்புகளிலும் ‘எனது முந்தைய கட்டுரையில்’ என்ற அடிக்குறிப்பிலும் பெயர் ஒளிந்திருக்கும், நீக்குங்கள். முதல் பதிலுக்கு மூன்று முதல் ஆறு மாதம், அச்சேற ஓராண்டுக்கு மேல் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ‘பெருந்திருத்தம்’ என்று வந்தால் அது மறுப்பு அல்ல. மதிப்பீட்டாளரின் ஒவ்வொரு குறிப்பையும் எண்ணிட்டு, ஏற்றதை எந்தப் பக்கத்தில் சேர்த்தோம் என்றும், ஏற்காததை ஏன் என்றும் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். ஒன்றுக்குப் பதில் சொல்லாமல் விட்டாலும் அடுத்த சுற்றில் அதே குறிப்பு கோபத்தோடு வரும்.

மெய்ப்பு வந்ததும் முதலில் அரபி வரிகளைப் பாருங்கள். வலமிருந்து இடம் ஓடும் எழுத்து தலைகீழாகத் திரும்பியோ, எழுத்துகள் ஒட்டாமல் தனித்தனியாக உடைந்தோ நிற்கும். அச்சுக்கோப்பவருக்கு அரபி தெரியாது. வசன எண்ணும் அடைப்புக்குறியும் இடம் மாறியிருக்கும். திருப்பித் தர 48 மணி அல்லது 72 மணி நேரம்தான் தருவார்கள் என்பதால், அரபி படிக்கத் தெரிந்த ஓர் ஆலிமிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். அதே கட்டுரையைத் தமிழிலும் வெளியிட ஆசை இருந்தால் உரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்து இடும் முன்பே மொழிபெயர்ப்பு அனுமதியைக் கேட்டுவிட வேண்டும். ஒப்பந்தம் முடிந்த பிறகு கேட்டால் பதிப்பகத்தின் உரிமைப் பிரிவிலிருந்து பதில் வருவதற்குள் அடுத்த மாங்காய்ப் பருவமே வந்துவிடும்.